துரைத் தொப்பியின் விஞ்ஞானம்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் சுவர் எழுப்பியது போல் மலை நிற்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் போடிமெட்டு. அதன் உயரம் ஏறத்தாழ 4,500 அடி. அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும் வேளையில், மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும்.

இந்த மலைகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்ட காலத்தில் மக்கள் அவர்களைத் ‘துரை’ என்றே அழைத்தனர். துரை என்றதும் எல்லோர் கண்முன்னும் வந்து நிற்பது அவருடைய தொப்பி. துரைமார் போய்விட்டனர். ஆனால் அவர்கள் அணிந்தவை போன்ற பழைய தொப்பிகள் இன்றும் சில வீடுகளின் பரண்களிலும், பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. தூசி படிந்து, விளிம்பு தொங்கி, ஆங்காங்கே பூச்சி அரித்த துளைகளோடு ஒரு தொப்பி உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கலாமா? துவைக்கலாமா? வெயிலில் காயவைக்கலாமா? தலையில் அணியலாமா?

இக்கேள்விகளுக்கு விடை காண, அத்தொப்பி எதனால் ஆனது, எவ்வாறு ஆனது என்று முதலில் அறிய வேண்டும். அறிந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஃபெல்ட் தொப்பியை ஆக்குபவை மூன்று: வெப்பம், ஈரம், உராய்வு. அதை அழிப்பவையும் இம்மூன்றே. அழிந்ததை ஓரளவு மீட்டுத் தருபவையும் இம்மூன்றே. வேறுபாடு அளவில் மட்டுமே இருக்கிறது. இவற்றோடு, தொப்பிக்குள் மறைந்திருக்கக் கூடிய நஞ்சு ஒன்றும் உண்டு. அதையும் பார்ப்போம்.

இரண்டு வகைத் தொப்பிகள்

துரைத் தொப்பி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, கவிழ்த்த சட்டி போன்ற கெட்டித் தொப்பி. இது நெட்டியினால் ஆனது. நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் வெண்மையான, எடையற்ற தண்டே நெட்டி. தஞ்சாவூரில் கோயில் கோபுர உருவங்கள் செய்யப் பயன்படும் அதே நெட்டிதான். அதைத் தகடுகளாக அடுக்கி ஒட்டி, மேலே துணி போர்த்தி இத்தொப்பியைச் செய்தார்கள்.

மற்றொன்று வளைந்து கொடுக்கும் அகன்ற விளிம்புத் தொப்பி. இதுவே ஃபெல்ட் தொப்பி. தோட்டத் துரைமார் விரும்பி அணிந்த ஒரு வகைக்கு ‘டபுள் டெராய்’ என்று பெயர். இமயமலை அடிவாரக் காட்டுப் பகுதியான டெராய் என்பதிலிருந்து வந்த பெயர் இது. இரண்டு ஃபெல்ட் தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தது போன்ற அமைப்பு உடையது. கூர்க்காப் படைப்பிரிவினர் அணியும் தொப்பியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இரண்டு அடுக்கு எதற்கு? வெயிலின் கதிர்கள் மண்டை ஓட்டைத் துளைத்து மூளையைத் தாக்குவதால்தான் வெப்ப நோய் வருகிறது என்று அக்காலத்து ஐரோப்பியர் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை தவறு. உடலில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி, உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறுவதே வெப்பத் தாக்கு. எனினும் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே காரணம் தவறானாலும் தொப்பி பயன்பட்டது.

இவை மலையேறி வந்த வழியும் சுவையானதே. மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் சமவெளிக்கும் இடையே சாமான்கள் போக, முதலில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், பின்னர் 1908-ல் சிறு இரயில் பாதையும் அமைந்தன. அப்பாதை டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் சாமான்கள் இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். தேயிலை இறங்கிய அதே வழியில் தோட்டங்களுக்கு வேண்டிய பண்டங்கள் ஏறின. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது.

நெய்யாத துணி

ஃபெல்ட் என்பது துணியா? துணி என்றால் நூல் இருக்க வேண்டும். பாவும் ஊடும் இருக்க வேண்டும். ஃபெல்ட்டில் இவை எதுவும் இல்லை. அது நூற்கப்படவும் இல்லை, நெய்யப்படவும் இல்லை. விலங்குகளின் ரோமம் தானாகவே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உண்டான தகடு அது.

தானாக எப்படிப் பின்னிக்கொள்ளும்? ஆட்டு ரோமம் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த ரோமத்தின் மேல் முழுவதும் செதில்கள் இருக்கும். வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதைப் போல அவை படிந்திருக்கும். எல்லாச் செதில்களின் விளிம்பும் ரோமத்தின் நுனியை நோக்கியே இருக்கும். ஆகவே ரோமத்தை அதன் வேர்ப்பக்கமாக நகர்த்துவது எளிது. நுனிப்பக்கமாக நகர்த்தினால் செதில்கள் தடுத்துக்கொள்ளும்.

ரோமக் கற்றையை வெந்நீரில் நனைத்தால் ரோமம் ஊதி நெகிழ்கிறது. அந்நிலையில் பிசைந்து தேய்த்தால் ஒவ்வொரு ரோமமும் தன் வேர்ப்பக்கமாகவே சிறிது சிறிதாக ஊர்ந்து செல்கிறது. திரும்பி வர முடிவதில்லை. ஆயிரக்கணக்கான ரோமங்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்வதால் கற்றை சுருங்கி, தடித்து, கெட்டியான தகடாகிறது. தொப்பித் தொழிற்சாலையில் முதலில் உண்டாக்கும் ரோமக் கூம்பு, முடிந்த தொப்பியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கும். அதை வெந்நீரில் நனைத்து உருட்டி உருட்டியே சுருக்குவார்கள்.

இது ஒருவழிப் பாதை. சிக்கிய ரோமத்தை மீண்டும் பிரித்தெடுக்க முடியாது. தொப்பியைப் பற்றி நாம் மறக்கக் கூடாத முதல் விதி இது.

மலைத்தோட்டத் தொழிலாளிகள் மழைக்கும் குளிருக்கும் தலையோடு போர்த்திக்கொண்ட கம்பளிக்கும் இதே விதிதான். கம்பளியை வெந்நீரில் போட்டு அடித்துத் துவைத்தால் சுருங்கிப் போவதை நம் வீடுகளில் பார்க்கிறோம். துரையின் தலையிலிருந்த தொப்பியும் தொழிலாளியின் தலையிலிருந்த கம்பளியும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவையே.

நீங்களே செய்து பாருங்கள்

நீளமான தலைமுடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பிடித்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தேய்க்கிறீர்கள். ஆனால் முடி ஒரே பக்கமாக நகர்ந்து செல்லும். அது செல்லும் பக்கமே வேர்ப்பக்கம். முடியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கமாக நகரும்.

அடுத்து, நூற்காத ஆட்டு ரோமம் ஒரு பிடி எடுத்து, கை பொறுக்கும் சூடுள்ள சோப்பு நீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து நிமிடம் உருட்டுங்கள். கெட்டியான பந்து ஒன்று கிடைக்கும். அதுவே ஃபெல்ட். பஞ்சை எடுத்து அவ்வாறே உருட்டுங்கள். பந்து பிரிந்து போகும். பஞ்சு இழையில் செதில் இல்லை.

தொப்பிக்குள் ஒரு நஞ்சு

மலிவான ஃபெல்ட் ஆட்டு ரோமத்தால் ஆனது. உயர்ந்த ஃபெல்ட் முயல், நீர்நாய் போன்ற தோற்றமுடைய பீவர் ஆகிய பிராணிகளின் மெல்லிய உள்ரோமத்தால் ஆனது. தொப்பிக்காகவே வேட்டையாடப்பட்டு ஐரோப்பாவில் பீவர்கள் ஏறத்தாழ அழிந்தன. பிறகு வட அமெரிக்காவிலிருந்து அதன் தோல் வந்தது. அந்த வாணிகத்துக்காகவே 1670-ல் ஹட்சன்ஸ் பே கம்பெனி தோன்றியது.

முயல் ரோமம் ஆட்டு ரோமத்தைப் போல எளிதில் பின்னிக்கொள்ளாது. இதற்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அக்கரைசலைத் தோலின் ரோமத்தில் தடவினார்கள். அது கெரட்டினில் உள்ள கந்தக இணைப்புகளைத் தாக்கி, ரோமத்தை முரடாக்கி, நன்கு பின்னிக்கொள்ளச் செய்தது. ரோமத்தின் நுனி கேரட் நிறம் அடைந்ததால் இம்முறைக்குக் ‘கேரட்டிங்’ என்றே பெயர் வந்தது.

தொப்பி அழகாக வந்தது. செய்தவர்களின் கதி என்ன? ரோமத்தை உலர்த்தும்போதும், வெந்நீரில் சுருக்கும்போதும், ஆவி காட்டி உருவாக்கும்போதும் பாதரச ஆவி வெளிப்பட்டது. காற்றோட்டமில்லாத அறைகளில் தொழிலாளர்கள் அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தனர். கைகள் நடுங்கின. ஈறுகள் வீங்கி, பற்கள் ஆடின. மனிதர்களைக் கண்டால் கூச்சம், காரணமற்ற கோபம், ஞாபக மறதி ஆகியவை வந்தன. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர் போன டான்பரி நகரில் இந்த நடுக்கத்துக்கு அந்த ஊரின் பெயரையே சூட்டினார்கள். 1941 டிசம்பரில்தான் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்கள் வந்தன.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். போடி மலைகளை அடுத்துள்ள பழனி மலையில், கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் காணப்பட்டதே அதற்குக் காரணம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் உருவான மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது.

பழைய தொப்பி வாங்குவோருக்கு இதில் என்ன கவலை? தொப்பியில் தடவிய பாதரசம் முழுவதும் போய்விடுவதில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய தொப்பிகளைச் சோதித்தபோது அவற்றில் இன்னும் பாதரசம் இருப்பது தெரியவந்துள்ளது. ஆகவே 1940-களுக்கு முந்தியதாகத் தோன்றும் மெல்லிய முயல்ரோமத் தொப்பி எதிலும் பாதரசம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். அதைக் கையுறையோடு தொடுங்கள். தட்டித் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். அறைக்குள் ஆவி காட்டாதீர்கள். குப்பையோடு எரிக்கவே கூடாது. அதை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதே நல்லது. அணிவதற்கு அதற்குப் பிற்பட்ட தொப்பியையோ ஆட்டு ரோமத் தொப்பியையோ தேடுங்கள்.

வாங்கும்போது

முதலில் விரலால் மெல்ல அழுத்துங்கள். வளையாமல் ‘கறுக்’கென்றால் அது நெட்டித் தொப்பி. அதற்கு இக்கட்டுரையின் வைத்தியம் எதுவும் பொருந்தாது.

ஃபெல்ட் என்று தெரிந்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அவை பூச்சித் துளைகள். பிறகு முகர்ந்து பாருங்கள். மக்கிய மண் வாசனை அடித்தால் பூஞ்சணம். உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டையை மெதுவாக வெளியே புரட்டுங்கள். தயாரித்தவர் பெயர், அளவு, சில சமயம் அணிந்தவரின் பெயரெழுத்து ஆகியவை அங்கே இருக்கும். பட்டை காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடலாம். விளிம்பு தொங்கியிருந்தால் நிமிர்த்திவிடலாம். ஆனால் சுருங்கிப் போன தொப்பியைப் பெரிதாக்க முடியாது. ஒருவழிப் பாதை என்றோமே, அது இதுதான்.

எனவே அளவைத் தொப்பியில் அச்சிட்டுள்ள எண்ணைக் கொண்டு மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்க அளவு முறை எளியது: தலையின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து 3.14-ஆல் வகுத்தால் வருவது தொப்பி எண். 22 அங்குலத் தலைக்கு 7-ஆம் எண். தொப்பியின் உட்சுற்றளவை நாடா வைத்து அளந்து, இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். 7 என்று அச்சிட்ட தொப்பிக்கு இப்போது கணக்கு 6¾ என்று வந்தால், அது எப்போதோ நனைந்து வெயிலிலோ அடுப்பருகிலோ காய்ந்திருக்கிறது என்று பொருள்.

மலையில் பூஞ்சணம், கீழே வெயில்

தொப்பிக்கு மலைக்காற்றும் பகை. போடி வெயிலும் பகை. கம்பளி ரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் ஈரம் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏலமலையில் காற்றே ஈரமாக இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்குகிறது. பூட்டிய பெட்டிக்குள் வைத்த தொப்பியில் சாம்பல் நிறப் படலம் வருவது இதனால்தான்.

போடி நகரமோ மழை மறைவுப் பகுதி. மலையில் நனைந்த தொப்பியைக் கீழே கொண்டு வந்து மொட்டை மாடியில் காயப்போட்டால் என்ன ஆகும்? ஈரமும் வெப்பமும் சேர்ந்து ரோமத்தை மேலும் சுருக்கும். தோல் பட்டை அதைவிட விரைவாகச் சுருங்கித் தொப்பியையும் இழுக்கும். சாயம் வெளுக்கும். ஜீப்பின் கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாலும் இதே கதிதான்.

ஏலக்காய் உலர்த்தும் ‘ஸ்டோரை’ப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பறித்து வந்த பச்சைக் காயைக் கடும் வெப்பத்தில் போட்டால் பச்சை நிறம் போய், தோல் வெடித்து, விலை இறங்கிவிடும். அதனால் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நிதானமாக உலர்த்துகிறார்கள். தொப்பிக்கு அந்த வெப்பம் கூட வேண்டாம். நிழலும் காற்றும் போதும். நனைந்த தொப்பியை உதறி, துணியால் ஒற்றி எடுத்து, உள்பட்டையை வெளியே புரட்டிவிட்டு, அந்தப் பட்டையே தாங்கும்படி நிறுத்தி வையுங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகட்டும்.

பூச்சியும் பாச்சை உருண்டையும்

தொப்பியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. கெரட்டினைப் பெரும்பாலான உயிர்களால் செரிக்க முடியாது. இப்புழுவின் குடலோ மிகுந்த காரத்தன்மை உடையது. கெரட்டினின் கந்தக இணைப்புகளை அறுத்துச் செரிக்கக் கூடியது. வியர்வையும் எண்ணெயும் படிந்த இடமே புழுவுக்கு அதிக விருப்பம். ஆகவே சுத்தமே முதல் பாதுகாப்பு.

பாச்சை உருண்டை எனப்படும் நாஃப்தலீன் பூச்சியை விரட்டும். ஆனால் அதன் ஆவி மனிதருக்கும் தீங்கு. குறிப்பாக, பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம். பூச்சி இருப்பதாக ஐயம் எழுந்தால் தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கழித்தில் 18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் மடிந்துவிடும். பாதரச ஐயம் உள்ள தொப்பியை உணவு வைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. அதைக் கட்டிய பையிலேயே வைத்து, புது அரிப்பு தோன்றுகிறதா என்று அவ்வப்போது கவனித்தால் போதும்.

பழுது நீக்கும் முறை

தூசியை மென்மையான தூரிகையால், ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே தட்டிவிடுங்கள். எண்ணெய்க் கறை இருந்தால் முல்தானி மட்டியை உலர்ந்த தூளாகத் தூவி, ஓரிரவு விட்டு, மறுநாள் துலக்குங்கள். தூள் எண்ணெயை உறிஞ்சியிருக்கும். கறுப்புத் தொப்பியில் வெள்ளைத் தடம் நிற்கலாம். ஆகவே ஓரத்தில் சிறிது தூவிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சோப்பு, சலவைத்தூள், வெந்நீர் மூன்றும் விலக்கு.

ஸ்பிரிட் தொடவே கூடாது. ஏனெனில் தொப்பி விறைப்பாக நிற்க அதில் பெரும்பாலும் அரக்கு ஏற்றியிருப்பார்கள். மரச்சாமான்களுக்குப் பூசும் அதே அரக்கு. சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். இந்தியாவிலிருந்து உலகெங்கும் போன சரக்கு. அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், வெப்பத்தில் இளகும், ஆறினால் மீண்டும் இறுகும்.

தொங்கிய விளிம்பை நிமிர்த்துவது இந்தக் குணத்தைக் கொண்டுதான். திறந்த வாசலில் அடுப்பு வைத்து, கெட்டிலில் நீரைக் கொதிக்க விடுங்கள். தொப்பியை ஆவியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில விநாடிகள் மட்டும் காட்டுங்கள். ஈரமும் வெப்பமும் ரோமத்தை நெகிழ்விக்கின்றன, அரக்கும் இளகுகிறது. உடனே கையால் வேண்டிய வளைவைக் கொடுத்து, ஆறும் வரை அசையாமல் பிடியுங்கள். ஒரே முறையில் முடிக்க அவசரப்படாமல் பலமுறை செய்யுங்கள். கிண்ணப் பகுதி நசுங்கியிருந்தால், தலையளவுள்ள சிறு மண்பானைக்குத் துணி சுற்றி, அதன்மேல் கவிழ்த்து ஆறவிடலாம். முன்பு சொன்ன பழைய முயல்ரோமத் தொப்பிக்கு இந்த ஆவி வைத்தியம் வேண்டாம். பாதரச ஆவியை எழுப்பிவிடும்.

சிறு துளைகளை அடைக்க, உள்பட்டைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுரண்டினால் கிடைக்கும் ரோமத்தூளே போதும். ஒரு துளி பசையோடு அதைக் குழைத்துத் துளையில் வைத்து, காய்ந்ததும் துலக்கிவிடுங்கள். உள்ளே எழுதிய பெயர்களை மட்டும் அழிக்காதீர்கள். தொப்பியின் வரலாறு அந்த மை எழுத்தில்தான் இருக்கிறது.

வைக்கும்போது விளிம்பு தரையில் படாமல், கிண்ணப் பகுதி கீழே இருக்கும்படி மல்லாத்தி வையுங்கள். ஆணியில் மாட்டினால் அந்த இடம் கூம்பிவிடும். பெட்டியைவிடக் காற்றோடும் அலமாரி நல்லது.

வெப்பம், ஈரம், உராய்வு என்ற மூன்றும் அளவோடு அமைந்தபோது ரோமம் தொப்பியாயிற்று. அளவு மீறினால் தொப்பி பாழாகிறது. நிதானமாகக் கையாண்டால் நூறு வயதுத் தொப்பியும் மீண்டும் நிமிர்கிறது. ஆனால் அதைச் செய்துவிட்டுக் கை நடுங்கிப் போன தொழிலாளியை எந்த ஆவி வைத்தியமும் மீட்கவில்லை. பழைய தொப்பியைக் கையில் எடுக்கும்போது, அதை அணிந்த துரையோடு அதைச் செய்தவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.